ஒரு பிடி ஈர மண்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சென்னியப்பன். பெருச்சாளி அதற்கு அப்புறம்தான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே போர்வெல் வண்டியில் வேலை செய்தோம். மகாராஷ்டிரத்தில் ஒரு கரும்புக் காடு. எழுநூறு அடி இறங்கியிருந்தது. இறக்கிய ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்கும்போது, அடுத்த ராடு நழுவாமல் இருக்க அடியில் பிடி போட வேண்டும். அன்றைக்குப் பிடி போட வேண்டியவன் சென்னியப்பன். அவன் போடவில்லை. மொத்த ராடும் குழிக்குள் போய்விட்டது.

முதலாளி வந்து கேட்டபோது சென்னியப்பன் சொன்னான்: "ராக்கியப்பன் குடிச்சிருந்தானுங்க."

நான் அன்றும் குடிக்கவில்லை. இன்றும் குடிப்பதில்லை. நான் ஊருக்கு வந்து சேரும் முன்பே அந்தப் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. என் மாமனார் வாசலில் நின்று கேட்டார்: "எப்ப இருந்துங்க மாப்பிள்ளை?"

அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். நம்பிக்கொண்டேதான் போனார்.

"அன்னைக்கு அவன் குடிக்கல." இந்த மூன்று வார்த்தையை என் மனைவிக்கு முன்னால் சென்னியப்பன் சொல்ல வேண்டும். அதுதான் அவன் எனக்குத் தர வேண்டியது.

அவன் வீடு வேறு எங்காவது இருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. ராடு விழுந்ததற்கு முந்தைய வருடம்தான் இரண்டு பேரும் ஒரே நாளில் அடுத்தடுத்து மனை வாங்கியிருந்தோம். விட்டுப் போக அவனுக்கும் மனதில்லை, எனக்கும் இல்லை. நடுவில் எட்டடிச் சுவர் எழுப்பினேன். மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தேன்.

சுவருக்கு மேலே வழி இல்லாததால் பெருச்சாளி கீழே வந்தது.

போன ஆடி மாதம் என் மனைவி பாவாயி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்தார்கள். மெத்தென்று இருக்கும் தரையில் காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பெங்களூரிலிருந்து மகன் வந்து வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இருபதடிக்கு முப்பதடி. பாவாயி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதில் நடந்தாள். முதல் வாரம் ஆறு எட்டுதான் வைத்தாள். ஒரு மாதத்தில் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

ஒரு நாள் காலை வாக்கரின் ஒரு கால் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அடியில் வளை. பாவாயி பக்கவாட்டில் சாய்ந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் புல்லில் கால் வைக்கவில்லை. கட்டிலில் ஜன்னல் பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

"வா, நான் பிடிச்சுக்கறேன்."

"தரையே பிடிக்கலீங்க. நீங்க பிடிச்சு என்ன பண்றது?"

டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் ஒரு மாதம் இப்படியே படுத்திருந்தால் அப்புறம் இவரை நடக்க வைக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பது வருடம் பூமியைத் துளைத்தவன் நான். ஒரு பெருச்சாளி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். வளைக்குள் தண்ணீர் விட்டேன். எங்கே போனதென்றே தெரியவில்லை. மிளகாய்ப் புகை போட்டேன். தெருவே இருமியது. கருங்கல்லை இறுக்கிச் சிமெண்ட் பூசினேன். கடைசியில் பழைய கூட்டாளி ஒருவனிடம் கேட்டு போர்வெல் கம்ப்ரசரைக் கொண்டு வந்து வளைக்குள் காற்றைத் திறந்துவிட்டேன். பெருச்சாளி வரவில்லை. புல்தரை நடுவில் பூரி மாதிரி உப்பி எழுந்தது.

பாவாயி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"எத்தனை அடியில தண்ணி வந்துச்சுங்க?" என்றாள்.

பால்காரர்தான் ரங்கியைப் பற்றிச் சொன்னார். மலையடிவாரத்தில் இருக்கிறவர். அவர் குடும்பமே நெல்வயல்களில் எலி பிடிக்கிற குடும்பம். அந்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு சாக்கு, கையில் சிறிய கடப்பாரை, இடுப்பில் கரி பிடித்த ஒரு மண்பானை. அப்படித்தான் வந்து நின்றார். அன்றைக்கு அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்தரை முழுக்க ஒருமுறை நடந்தார். நடுவில் உப்பியிருந்த இடத்தில் நின்றார்.

"இது யாரு பண்ணுனதுங்க?"

"நான்தான்."

"பெருச்சாளி இவ்வளவு பண்ணலீங்க."

ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாவாயி சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"என்ன மருந்து வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"மருந்து இல்லீங்க."

"அப்ப என்ன பண்ணுவே?"

"மூடுவேனுங்க."

"மூடறதுக்கு நீ எதுக்கு? நான் சிமெண்டே பூசிட்டேன்."

"நீங்க அது வரக்கூடாதுன்னு மூடுனீங்க. நான் அது எங்க இருக்குதுன்னு பாக்க மூடறேன்."

மொத்தம் பதினான்கு வளை. நான் பூசிய சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்தார். ஒரு குடம் தண்ணீர் கேட்டார். மண்ணைப் பிசைந்தார். ஒவ்வொரு வளையின் வாயிலும் ஒரு பிடி ஈர மண்ணை வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு நகர்ந்தார். கையின் அச்சு அப்படியே பதிந்தது.

நான் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

"கல்லு வேண்டாங்க."

"ஏன்?"

"கல்லு வெச்சா அது வேற பக்கம் வெட்டிக்கும். அப்புறம் நமக்கு ஒண்ணும் தெரியாது."

பின்னாலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நடந்துகொண்டே சென்னியப்பனைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பெருச்சாளியெல்லாம் அவன் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றேன். ராடு சமாசாரம் சொன்னேன். மாமனார் கேட்டதைச் சொன்னேன். என் வேப்பமரத்துக் கிளையை அவன் வெட்டியதைச் சொன்னேன். அவன் வீட்டுக் கூரைத் தண்ணீர் என் பக்கம் விழுவதை, அவன் கோழி என் மல்லிச்செடியைக் கிளறியதை, என் அம்மா இறந்தபோது அவன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதை, எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு வளையும் மூடி முடிந்தது. என் பேச்சு முடியவில்லை.

ரங்கி கையைக் கழுவினார்.

"நாளைக்குக் காலைல வர்றேனுங்க. மீதியை அப்பச் சொல்லுங்க."

மறுநாள் காலை மூன்று வளை திறந்திருந்தது. பதினொன்றில் கையச்சு கலையவில்லை.

ரங்கி குனிந்து பார்த்தார். "மண்ணு எந்தப் பக்கம் விழுந்திருக்குதுன்னு பாருங்க."

"வெளிய விழுந்திருக்கு."

"அப்ப உள்ள இருந்து தள்ளியிருக்குது. ஆள் இருக்குதுங்க." மறுபடி மூன்றையும் மூடினார். "ஒரு வளையை மூடினா பக்கத்துல போயிப் பாக்கும். அதையும் மூடினா இன்னொண்ணு. கடைசியில எது இல்லாம முடியாதோ, அதைத்தான் தொறக்கும்."

"எனக்கும் இதைக் கத்துக் குடு."

"எழுவது வயசுலீங்களா?"

"அறுபத்தெட்டு."

"எலி பிடிக்கறவளுக்குச் சிஷ்யனாப் போனீங்கன்னு ஊருல சிரிப்பாங்க."

"ஊரு என்னைப் பார்த்து இருபத்தாறு வருசமாச் சிரிக்குது. சேர்த்துச் சிரிக்கட்டும்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மண்சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அப்ப நீங்களே பிசைங்க."

பிசைந்தேன். தண்ணீர் அதிகம் என்றார். மறுபடி பிசைந்தேன். போதவில்லை என்றார். நான்காவது முறை ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு வளை திறந்திருந்தது. சுவரின் அடியில்.

"இதுதானுங்க" என்றார் ரங்கி.

"மீதி பதிமூணு?"

"பழசு. எப்பவோ வெட்டுனது. நேத்து தொறந்த ரெண்டுலயும் சும்மா எட்டிப் பாத்திருக்குது. உள்ள யாரும் இல்லீங்க."

"நான் அதுலதான் சிமெண்ட் பூசினேன்."

"பார்த்தேனுங்க. எல்லாம் காலி வீடு."

நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரங்கி கடப்பாரையால் அந்த வளையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கினார். வேலை செய்துகொண்டே கேட்டார்:

"அந்தக் கோழி சமாசாரம் என்னங்க ஆச்சு?"

"எந்தக் கோழி?"

"முந்தாநேத்து சொன்னீங்களே."

யோசித்துப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"அந்த ராடு?"

"அது இருக்கு."

"ம்" என்றார்.

வளைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். வளை சுவருக்கு அடியில் சென்னியப்பன் வீட்டுக்குப் போகிறது என்றார். நான் சொன்னது சரிதான் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

"நான்தான் சொன்னேனே. அவன் பக்கத்துல இருந்துதான் வருது."

"ஆமாங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இந்தப் பக்கம் நான் புகை போட்டா அது அந்தப் பக்கம் ஓடும். அங்க வலை பிடிக்க ரெண்டு பேர் வேணும்."

"நீயே போய் அவன்கிட்டச் சொல்லு."

"நான் போகமாட்டேனுங்க."

"ஏன்?"

"கூப்பிடாத வூட்டுல நான் கால் வெக்கறதில்லை. நீங்கதான் போகணும்."

"அவன் வாசல்ல நான் போய் நிக்கறதா? அவன் என் வாசல்ல வந்து நிக்கணும். அதுதான் முறை."

"முறை அதுதானுங்க" என்றார் ரங்கி. பானையைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்கப்பன் ஒரு பண்ணையாரு வயல்ல எலி பிடிச்சாரு. வளைக்குள்ள எலி சேத்து வெச்ச நெல்லு பிடிக்கறவங்களுக்குத்தான். அது அப்பவே இருக்கற வழக்கம். அன்னைக்கு அரை மூட்டை கெடைச்சுது. பண்ணையாரு பார்த்துட்டு, இது களத்துல திருடுன நெல்லுன்னு சொல்லிட்டாரு. நாலு பேரு முன்னால."

"அப்புறம்?"

"அப்பன் எல்லாத்தையும் அவரு வாசல்ல கொட்டிட்டு வந்துட்டாரு. அதுல இருந்துதான் கூப்பிடாத எடத்துல நாங்க கால் வெக்கறதில்லை."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் அந்த வயல்ல மறுபடி எலி. அவரே ஆள் அனுப்பினாரு."

"உங்கப்பா போனாரா?"

"போனாருங்க."

"மன்னிச்சிட்டாரா?"

"எலி பிடிச்சாருங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன். பாவாயி கம்பியைப் பிடித்தபடி புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

என் கேட்டிலிருந்து அவன் கேட்டுக்குப் பன்னிரண்டு எட்டு. நடந்தேன்.

சென்னியப்பன் வாழைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உன் பக்கம் வளை இருக்கு" என்றேன்.

"இருக்கு. ஒம்பது."

"ஒம்பதா?"

அவன் கையைக் காட்டினான். நான்கு வாழை சாய்ந்து கிடந்தது. பல வளைகளின் வாயில் சிமெண்ட் பூசியிருந்தான். பூசிய விதம் என் விதம்தான். ஒரே வண்டியில் கற்றுக்கொண்டது.

"உன் பக்கத்துல இருந்து வருதுன்னு நெனச்சேன்" என்றான்.

"உன் பக்கத்துல இருந்துதான் வருது. அந்தம்மா பார்த்துச் சொன்னாங்க."

"எந்தம்மா?"

"ரங்கியம்மா. கூப்பிட்டாத்தான் வருவாங்க. நீ கூப்பிடணும். வலை பிடிக்கணும்."

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"பாவாயி எழுந்து நடக்கறாளா?"

"பெருச்சாளி போனா நடப்பா."

"வரச் சொல்லு" என்றான்.

ரங்கி வந்தார். ஒன்பது வளையையும் முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, ஏழு வளையை ஈர மண்ணால் மூடினார். புது மண் கிடந்த இரண்டை விட்டார். ஆளுக்கு ஒரு வலையைக் கொடுத்தார். வாய் குறுகலான, நீளமான வலை. அதை வளையின் வாயில் விரித்து, இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"நெஞ்சு வலி எதாவது இருக்குதுங்களா ரெண்டு பேருக்கும்?"

"இல்லை" என்றோம்.

"வேகமா வரும். பயந்து கையை எடுத்துராதீங்க."

அவர் என் வீட்டுக்குத் திரும்பிப் போனார். அந்தப் பானையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. காய்ந்த வைக்கோலும் வரட்டியும் திணித்து, நெருப்பு வைத்து, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, அடியிலுள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். நான் கம்ப்ரசர் வைத்து ஊதலாமே என்று முன்பே கேட்டிருந்தேன். உங்க காத்துக்கு நிறுத்தத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். இருவருக்கும் நடுவில் நான்கடி.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரங்கியின் குரல் கேட்டது. "வருதுங்களா?"

"இல்லீங்க" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

முதலில் மெல்லிய புகை வந்தது. என் வளையிலும், அவன் வளையிலும். பிறகு தரைக்கு அடியில் ஒரு சத்தம். உருளைக்கிழங்கு மூட்டையை உருட்டுவதுபோல. அவன் வலை திடீரென்று நிமிர்ந்தது. பெரியது. பூனை அளவு இருந்தது. வலையோடு அவன் கையையும் சேர்த்துத் தூக்கியது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். வலையின் ஓரம் தரையை விட்டுக் கிளம்பியது.

என் வலையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, எட்டி அவன் வலையின் ஓரத்தைப் பிடித்தேன்.

"பிடியை விட்டுராதே" என்றேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கரும்புக் காட்டில் நான் சொல்லாமல் விட்டது அது. அவன் என்னைப் பார்த்தான். வலையை விடவில்லை.

"ராக்கி" என்றான்.

நான் காத்திருந்தேன்.

புகை அவன் முகத்துக்கு நேராக வந்தது. இருமினான். விடாமல் இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமல் நின்ற பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

அதற்குள் என் முழங்காலுக்கு அடியில் இன்னொன்று முட்டியது.

இரண்டு பெரியது, நான்கு குட்டி. ரங்கி வந்து சாக்கில் போட்டுக் கட்டினார்.

"இதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"அது என் வேலைங்க" என்றார் அவர்.

சென்னியப்பன் இரண்டு வலையையும் உதறி, மடித்து, என் கையில் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த கையோடு ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்துச் சுவரடியில் இருந்த அந்த வளையில் வைத்து, காலால் மிதித்து இறுக்கினேன்.

அத்தோடு வேலை முடியவில்லை. வளைகள் ஓடிய வழியெல்லாம் கடப்பாரையால் குத்தி, மண் போட்டு, தண்ணீர் விட்டு அமுக்கினோம். ஒரு வாரம் ஆனது.

"இப்ப அவளை நடக்கச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"முதல்ல நீங்க நடங்க."

"நான்தான் தினமும் நடக்கறேனே."

"அது உங்க நடை. அவங்க நடையை நடங்க."

பாவாயியின் வாக்கரை எடுத்துக்கொண்டு வந்தேன். முழு எடையையும் அதன்மேல் போட்டு, அவள் நடப்பதுபோல நடந்தேன். வாக்கரை ஒரு சாண் முன்னால் வைப்பது, நிற்பது, ஒரு கால், நிற்பது, மறு கால். மூன்று நாள் காலையில் அப்படி நடந்தேன். அமுங்கிய இடத்தில் மண் போட்டேன். ஒரு முறை சுவர் வரை போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆனது. அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஆறு எட்டு வைத்த காலத்தில் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பாவாயி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கும் தகடு வெச்சுட்டாங்களா?"

"நல்லா இருக்கு தரை. வந்து பாரு."

"எங்கயும் இறங்கலீங்களா?"

"இறங்கல."

"மெய்யாலுமா?"

"ரங்கியம்மாவைக் கேளு."

ரங்கி ஜன்னல் பக்கம் திரும்பி, "வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மாலை பாவாயி வெளியே வந்தாள். முதல் எட்டு வைக்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள். நான்காவது எட்டில் விட்டுவிட்டாள். நடுவில் நான் பூரியாக உப்ப வைத்த இடத்தில் நின்று, வாக்கரால் இரண்டு முறை குத்திப் பார்த்தாள். தரை பிடித்தது.

இப்போது அவள் தினமும் சுவர் வரை போகிறாள். காலையில் நான்கு சுற்று, மாலையில் ஆறு. வாக்கர் கைத்தடியாக மாறிவிட்டது. இதை எழுதும்போதுகூட வெளியே அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது.

ரங்கியம்மாவுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இருக்கும் இடத்தில் அடிபம்பு ஆறு மாதமாகத் தண்ணீர் வராமல் கிடக்கிறது என்று பால்காரர் சொன்னார். அதே கம்ப்ரசரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். குழியில் சேறு அடைத்திருந்தது. காற்றை விட்டேன். ஒரு மணி நேரம் சேறு வந்தது. அப்புறம் கலங்கல். அப்புறம் தண்ணீர்.

ரங்கி முதல் குடத்தைப் பிடித்து, எனக்குத்தான் முதலில் குடிக்கக் கொடுத்தார்.

"இந்தக் காத்து இதுக்குத்தாங்க" என்றார்.

அந்தத் தண்ணீர் மாதிரி நான் குடித்ததில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் ஒரு மாலை நேரத்தில் வந்தார். பாவாயி நடப்பதைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பாவாயி தானே உள்ளே போய், தானே காபி போட்டு, ஒரு கையில் கைத்தடியும் ஒரு கையில் டம்ளருமாக வந்து கொடுத்தாள். ரங்கி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

அவர் காபி குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தேன்.

"ரங்கியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நீங்க எனக்குப் பண்ணுனதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். இவ நடக்கறா. சாயங்காலமானா இந்தப் புல்லைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்கேன். எல்லாம் நல்லா இருக்கு. ஆனா அவன் இன்னும் அந்த மூணு வார்த்தையைச் சொல்லல."

"சொல்லலீங்களா?"

"இல்லை. ரோட்டுல பார்த்தா நிக்கறான். வாழை எப்படி இருக்குன்னு கேட்டா நல்லா இருக்குங்கறான். அதைச் சொல்லமாட்டேங்கறான்."

"அது உங்களுக்கு வர வேண்டியதுதானுங்க."

"வரணுமில்ல?"

"வரணுங்க."

அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் போதும்போல இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அது வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது?"

ரங்கி டம்ளரைக் கீழே வைத்தார். புல்தரையில் நடந்து சுவரடிக்குப் போனார். அந்தக் கடைசி வளையில் நான் மிதித்து இறுக்கி வைத்திருந்த கருங்கல்லைப் பிடித்து ஆட்டினார். வரவில்லை. கடப்பாரையைக் கேட்டார். கொடுத்தேன். நெம்பி எடுத்துத் தூரப் போட்டார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து, குழாயடியில் நனைத்துப் பிசைந்து, வளையின் வாயில் வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தினார்.

"இறுக்கமா வெக்கலீங்களா?" என்று கேட்டேன். "அந்தப் பக்கமிருந்து தள்ளுனா விழுந்துருமே."

"ஆமாங்க" என்றார் ரங்கி. "தள்ளுனா நமக்குத் தெரியணுமில்லீங்களா."

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கையச்சு கலையாமல் இருந்தது. வெயிலில் இறுகிப் போகாமல் இருக்க ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் தெளித்தேன்.